இலவசப் பிறந்தநாள் அர்ச்சனை

கிரிதருக்கு செங்கல்பட்டில் அரசாங்க வேலை. அது பகலில். மற்ற நேரமெல்லாம் இன்டர்நெட்டில் பக்தி வளர்த்தார்.

ஆர்குட் கொடிகட்டிப் பறந்த காலம். அதில் தன் வெப்சைட்டுக்கு விளம்பரம் போட்டார். உங்கள் பிறந்தநாளில் திருப்போரூர் முருகனுக்கு அர்ச்சனை, முற்றிலும் இலவசம். பெயர், நட்சத்திரம், பிறந்த தேதி, வேலை, போன் நம்பர், வேண்டுதல் இவற்றை எழுதினால் போதும்.

எழுதினார்கள். சிங்கப்பூரிலிருந்துகூட எழுதினார்கள். கிரிதர் அந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, பெயருக்கு இவ்வளவு என்று இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் சாலமோனுக்கு விற்றார்.

அர்ச்சனையா? அது முருகனுக்கும் பக்தருக்கும் நடுவே உள்ள விஷயம். குறுக்கே போக இவர் யார்?

சாலமோனை வீட்டுக்குள் கூப்பிட்டதே இல்லை. கேட்டிலேயே விஷயத்தை முடித்து அனுப்பிவிடுவார். “ஞாயித்துக்கிழமை சர்ச்சு, மத்த நாளெல்லாம் புளுகு. இன்ஷூரன்ஸ்காரன் பொழப்பே அதுதானே” என்று மனைவி வத்சலாவிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு கிருத்திகை அன்று, விசாரித்துக்கொண்டு ஆபீஸுக்கே வந்துவிட்டார் மதுராந்தகம் பிரபாவதி டீச்சர். கணவர் ரவிச்சந்திரனுக்குப் பிறந்தநாள் அன்றே இருதய ஆபரேஷனாம். வெப்சைட்டில் பெயரைப் பதிந்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் முருகா முருகா என்று உட்கார்ந்திருந்தாராம். மனுஷன் பிழைத்துவிட்டார். அர்ச்சனை செய்த குருக்களைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும், நீங்களும் கூட வாங்க சார் என்றார்.

கிரிதர் தட்ட முடியாமல் கோயிலுக்குக் கூடக் கிளம்பினார். அந்தப் பெயர் நன்றாகவே ஞாபகம் இருந்தது. இருதய நோயாளிக்கு எந்தக் கம்பெனி பாலிசி கொடுக்கும்? பட்டியலில் அதைக் கோடு போட்டு அடித்ததே இவர்தான்.

குருக்கள் உதட்டைப் பிதுக்கினால் டீச்சர் சும்மா விடமாட்டார். ஒரே ஒரு புகார் மனு போதும், அரசாங்க வேலை அம்பேல்.

சன்னதியில் குருக்களுக்குக் கண்ஜாடை காட்ட முந்தினார். டீச்சர் அதற்குள் கேட்டேவிட்டார்.

“ரவிச்சந்திரன், பூரட்டாதி. பண்ணினேனே” என்றார் குருக்கள். “கோடு போட்டு அடிச்சிருந்த பேரு. இதையும் சேர்த்துப் படிங்கோன்னார். அதான் ஞாபகம் இருக்கு.”

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிரிதரைக் கையெடுத்துக் கும்பிட்டார். கிரிதரும் அடக்கமாக ஏற்றுக்கொண்டார்.

டீச்சர் பிரகாரம் சுற்றப் போனதும், சொன்னது யார் என்று குருக்களிடம் மெல்ல விசாரித்தார். அவர் அர்ச்சனைச் சீட்டு கவுன்ட்டரைக் காட்டினார். இந்த வாரத்துப் பட்டியலோடு வரிசையில் நின்றிருந்தார் சாலமோன்.

கிரிதர் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “உனக்கு எதுக்குய்யா இந்த வேலை?”

“போன் பண்ணா, அர்ச்சனை ஆச்சான்னுதான் சார் மொதல்ல கேக்கறாங்க. ஆச்சுன்னு பொய் சொல்ல நாக்கு வரல. அதான் வாராவாரம் வந்துகினு கீறேன்.”

“சரி, ரவிச்சந்திரன் பேரைத்தான் நான் அடிச்சுட்டேனே. அந்த ஆளால உனக்கு என்ன லாபம்?”

சாலமோன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“அவரு பாலிசிக்குத்தான் சார் லாயக்கில்ல. அர்ச்சனைக்குமா?”