முழு மயக்கம்

துணிக்கடையில் வேலை பார்த்த அவளுக்கு இமைகள் தொங்கிப்போயிருந்தன. நன்றாகத் தூங்கி வந்த நாளிலும், "என்னக்கா, தூங்கலையா?" என்று கேட்காத ஆளில்லை.

"இமையைத் தூக்கித் தைக்க, ஊசி போட்டு அதை மட்டும் மரத்துப்போக வெச்சாப் போதும். முழிச்சிருந்தா, கண்ணைத் திறந்து மூடச் சொல்லிப் பாத்துத் தைக்கலாம்," என்றார் டாக்டர்.

கண்ணோரம் ஊசி என்றதுமே அவள் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாள். "முழு மயக்கமே குடுத்துடுங்க டாக்டர். எனக்கு எதுவும் தெரியக் கூடாது."

அப்படியே செய்தார்கள். நினைவு திரும்பியபோது கண்களில் கட்டு இருந்தது.

டாக்டரின் குரல் கேட்டது. "நல்லா ஒத்துழைச்சீங்கம்மா. சொல்லச் சொல்லத் திறந்து மூடினீங்க."

"நான் மயக்கத்துலதானே இருந்தேன்?"

"மருந்து முழுசாத்தான் குடுத்தோம். ஆனாலும் நடுவுல கேட்டீங்களே, 'அவ நல்லா தூங்கிட்டாளா?'ன்னு. உங்க மகளைப் பத்தியா கேட்டீங்க?"

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தாள். கட்டுக்குள் இரண்டு இமைகளும், அவள் திறக்காமலேயே, மெல்லத் திறந்தன.