வெர்னனின் வியாழக்கிழமைகள்

"எங்க வீட்டுக்காரரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆர்டிஸ் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். கணவன் வெர்னனை அடக்கம் செய்துவிட்டு வந்தவள் கறுப்புக் கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றியிறைச்சி சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலட்டும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

எதிரே காபிக் கோப்பையோடு நின்றவள் ஜனீன். மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறாள். மனம் நொந்து வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும், அரசு உரிமம் பெற்ற சமூகப் பணியாளர்.

"உங்க இழப்புக்கு ரொம்ப வருத்தப்படறேங்க" என்றாள் ஜனீன். ஆர்டிஸின் பக்கத்தில் நின்ற அவள் மகள் கார்லாவுக்கும், முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்வதுபோல ஒரு தலையசைப்பு.

"அதைத்தான் காலையிலேருந்து எல்லாரும் சொல்றாங்க. நான் கேட்டது வேற."

"அவரைத் தெரியும்னும் என்னால சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது. மன்னிச்சுக்குங்க."

அந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் சொல்லும் பதில்தான் இது. தன்னிடம் யார் வந்தார், யார் வரவில்லை என்று கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்லமாட்டார்கள். ஆனால் புருஷனைப் பறிகொடுத்தவள் காதில் அது எப்படி விழும்? குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதான் விழுந்தது.

"வியாழக்கிழமையானா அவர் வண்டி உங்க ஆபீசுக்குப் பின்னாடி நிக்கும். நானே பாத்திருக்கேன். கேட்டா, விதைக்கடையில பேசிக்கிட்டிருந்தேன்னார். பொய்! கல்யாணமானதிலிருந்து என்கிட்ட ஒரு பொய் சொல்லாத மனுஷன்!"

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் யாருடைய வண்டி எங்கே நிற்கிறது என்பது ஊருக்கே தெரியும். அடுத்த முறை அவரை உட்கார வைத்துக் கேட்டுவிடுவது என்றுதான் ஆர்டிஸ் இருந்தாள். அதற்குள் சோள அறுவடை நடுவிலேயே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

பக்கத்து மேசைகளில் பேச்சு அடங்கியது. சாப்பிடுகிற பாவனையில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"அம்மா, வா. போதகர் உன்னைத் தேடறார்" என்று கார்லா கையைப் பிடித்து இழுத்தாள். விவாகரத்தாகிப் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். நூலகத்தில் வேலை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நீ சும்மா இருடி. நான் குடும்பம் நடத்தின லட்சணம் எனக்குத் தெரியணும்."

வெர்னனின் தங்கை லவோன் குனிந்து கிசுகிசுத்தாள். "ஆர்டிஸ், நீ நினைக்கிற மாதிரியெல்லாம் இருக்காது. அந்தம்மா ஆலோசனை சொல்றவங்க. அண்ணன் ஏதாவது மனக்கஷ்டத்துல போயிருப்பார்."

ஆறுதலுக்குச் சொன்னாள். அதுதான் ஆர்டிஸை இன்னும் ஆழமாகக் குத்தியது. இன்னொருத்தி என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். கூடவே படுத்து எழுந்தவர், மனதில் இருந்ததை யாரோ ஒருத்தியிடம் போய்க் கொட்டியிருக்கிறார் என்றால், தான் எதற்கு இத்தனை வருஷம் இருந்தோம்?

அவள் குரல் உடைந்தது. "என்னைப் பத்தி அவர் என்ன சொன்னார்? அதை மட்டும் சொல்லிடுங்க. கெட்டதா இருந்தாலும் பரவாயில்ல. இனிமே நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

ஜனீனின் கண்கள் கலங்கிவிட்டன. காபிக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"செத்தவரோட ரகசியத்தை வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப்போறீங்க? நான் அவர் பொண்டாட்டி!"

"உங்க வேதனை புரியுது. ஆனா அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல."

"அப்ப உங்க உரிமத்தைப் பிடுங்கச் சொல்லி மேல எழுதிப் போடறேன்."

"தாராளமா எழுதுங்க. யார்கிட்ட புகார் பண்ணணும்னு நானே சொல்றேன்."

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. மேசையிலிருந்த காகிதக் கைக்குட்டை ஒன்றை எடுத்து, உரிம வாரியத்தின் விலாசத்தை எழுதியே கொடுத்துவிட்டாள். பிழைப்பே அந்த உரிமத்தில்தான் இருக்கிறது, பயம் இல்லாமலா இருக்கும்? ஆனாலும் எழுதினாள்.

ஆர்டிஸ் அதைப் பிடுங்கிக் கைப்பைக்குள் திணித்தாள். "என்ன திமிர்! நாளைக்கே எழுதறேன். ஊர் பூரா சொல்றேன். மனசுக்கு வைத்தியமாம், வைத்தியம்! பைத்தியங்க போற இடம் அது. எங்க வீட்டுல அந்த மாதிரி யாரும் கிடையாது. நல்லா இருந்த மனுஷனை ஏதோ பேசி மயக்கி..."

"போதும்மா!"

கார்லா போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. அம்மாவின் கையை விட்டுவிட்டு அவள் ஜனீனின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ஜனீன், வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள். கார்லா கேட்கவில்லை.

"அப்பா அந்த ஆபீசுக்குள்ள ஒரு நாள்கூடக் கால் வெச்சதில்லம்மா. என்னைக் கூட்டிட்டு வந்து வண்டியிலேயே காத்துக்கிட்டிருப்பார். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கினதும் நான்தான், சாகணும்ங்கற நெனப்பு போகணும்னு வாராவாரம் உள்ள போனதும் நான்தான்."