திரையில் பதினெட்டு

ரங்கூனில், தாமுவே பகுதியில் பத்து வருஷமாகக் கார் தரகு பார்க்கிறவன் நான். அதனால்தான் தன் கணவர் அமிர்தநாதன் இறந்ததும், அவருடைய ஹைபிரிட் காரை விற்க செலஸ்தீன் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

எங்கள் தேவாலயப் பங்கு ஆட்கள் நாலு பேர் பார்த்திருக்க, காரை ஓட்டி வந்து நிறுத்தினேன். திரையில் 18 என்று காட்டியது.

"கேலனுக்குப் பதினெட்டு மைல்தான்க்கா. என் பழைய பெட்ரோல் காரே இருபது குடுக்குது."

"புகை கம்மின்னு பின்கண்ணாடியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, ராபர்ட்?"

"அதை இங்க யாரு கேக்கப்போறா?"

"வாரண்டி புஸ்தகம்கூட இருக்குப்பா."

"ஜப்பான் வாரண்டி ரங்கூன்ல செல்லாதுக்கா. வெளியாள் எவனும் வாங்கமாட்டான். வேணும்னா நானே எடுத்துக்கிறேன்."

அக்கா ஒரு கணம் திரையைப் பார்த்தார். பிறகு பாதி விலைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து, அதே காரில் அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன்.

"ராபர்ட், தப்பா நெனைக்காதே. அந்தப் பதினெட்டு ஜப்பான் கணக்கு. லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர். நம்ம கணக்குல கேலனுக்கு அம்பது மைல் வரும்னு அவரு சொல்லுவாரு."

வேகத்தைக் குறைத்தேன்.

"அன்னிக்கே ஏன்க்கா சொல்லல?"

"நாலு பேரு முன்னாடி, ராபர்ட்டுக்கு மீட்டர் பாக்கத் தெரியலன்னு ஆயிடக்கூடாது பாரு. உன் பொழப்பே அதுதானே."

நான் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். மீட்டர் பார்க்க எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும்.