வாய்ப்பாட்டுக் கயிறு

"டி.சி.யைக் கிழிச்சிக் குடுத்துடுங்க டீச்சர்! கயிறு இழுக்கத் தெரியாதவங்களா நாங்க?"

குப்பத்து நாட்டாண்மை அப்பாவு வாசலிலேயே நின்றார். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை. எதிரே ஓலைக்கொட்டகை வகுப்பில், பிள்ளைகள் வலைக்கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். அவருடைய கடைசி மகள் அஞ்சம்மாளும் அதில் ஒருத்தி.

"முதல்ல உட்காருங்க ஐயா" என்றாள் சம்பூர்ணம் டீச்சர்.

"குந்தறதுக்கு வர்ல. கும்மிடிப்பூண்டியில கம்பெனிங்க வரப்போவுதாம். இவ நாற்காலியில குந்திக்கினு உத்தியோகம் பாக்கணும்னு அனுப்பினா, இங்கயும் வலை இழுக்க வெக்கிறீங்களே! எங்க மானம் இன்னா ஆவறது?"

"உட்கார வெச்சா தூங்கி வழியறாங்க. கயிறு இழுத்தா கணக்கு மண்டையில ஏறுது. நீங்களே பாருங்க."

டீச்சர் அஞ்சம்மாளைத் தரையில் உட்காரவைத்து, "ஏழெட்டு எவ்வளவு?" என்றாள். பெண் திருதிருவென்று விழித்தது. எழுப்பிக் கயிற்றைக் கையில் கொடுத்தாள். இழுப்புக்கு ஒன்றாக ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு என்று மளமளவென்று வந்து, ஏழாவது இழுப்பில், "ஐம்பத்தாறு நைனா!" என்று நின்றது.

நாட்டாண்மைக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. முகத்தில் காட்டுவாரா?

"சரி, டி.சி. வேணாம். ஆனா கரைவலைக் கயிறு ஊருக்குப் பொது. என்னைக் கேக்காம எவன் எடுத்தாந்து குடுத்தான்? அவனை ஊர்க்கூட்டத்துல நிறுத்தாம உடமாட்டேன்!"

"பெரிசுபடுத்தாதீங்க ஐயா. ஊர் நல்லதுக்குத்தானே..."

"கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான். என் ஊட்டைப் பாருங்க. என் பொஞ்சாதி கங்கம்மா என்னைக் கேக்காம ஒரு அடி எடுத்து வெக்காது. வாயைத் தொறந்தா அம்மன் பாட்டுதான். இன்னிக்கிக் காலையிலகூட அரைமணி நேரம் முணுமுணுத்துக்கினே அம்மி அரைச்சிச்சி."

டீச்சர் சட்டென்று குனிந்துகொண்டாள். பிள்ளைகளால் அடக்க முடியவில்லை. கொட்டகை அதிரச் சிரித்தார்கள்.

"இன்னாத்துக்கு இந்த இளிப்பு?"

அஞ்சம்மாள் கயிற்றின் கடைசி முனையைத் தூக்கிக் காட்டினாள்.

"கயிறு கொண்ணாந்ததே அம்மாதான் நைனா. மீன் வித்துட்டு வந்து தெனம் இங்கதான் நின்னு இழுக்கும். ஊட்டுல கயிறு இல்ல பாரு, அதான் அம்மிக் கொழவியை இழுத்து பன்னெண்டாம் வாய்ப்பாடு படிக்குது!"