ஆளுக்கொரு கால்

ஐந்தருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. தண்ணீரின் இரைச்சல் மட்டும் ஊரை நிறைக்கிறது. சாரல் ஒழுகும் தகரக் கூரைக்கு அடியில், எண்ணெய் தேய்க்கிறவர்கள் குந்தியிருக்கிறார்கள். காலையிலிருந்து வந்தது ஒரே கார். அதிலிருந்து இறங்கியவர் முறைப்படி கருத்தபாண்டி தேய்க்க வேண்டிய ஆள். முறை மாறி யாரும் வாய் திறப்பதில்லை என்பது அவர்களே வைத்துக்கொண்ட வழக்கம். அவன் பலகையில் துண்டை விரிக்கும்போதே பின்னாலிருந்து கோமதிநாயகத்தின் குரல் வருகிறது. "சார், பாதிக் கூலி குடுத்தாப் போதும். இங்கன வாங்க." கருத்தபாண்டி திரும்பிப் பார்க்கிறான். கோமதி அருவிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறான். "நானும் பாதிக்கே தேய்க்கேன் சார்." சொன்னது தன் வாய்தானா என்று கருத்தபாண்டிக்கே நம்ப முடியவில்லை. வந்தவர் சிரிக்கிறார். "அப்போ ரெண்டு பேரும் வாங்க. ஆளுக்கொரு கால். போட்டி இருந்தாத்தாம்பா தொழில் நல்லா நடக்கும்."

இப்போது அவர் பலகையில் குப்புறக் கிடக்கிறார். நாலு கைகளும் ஆடுசதையிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் ஏறுகின்றன. முதுகில் இருவர் விரல்களும் உரசி, எண்ணெயில் வழுக்கி விலகுகின்றன. "இன்னும் அழுத்தி," என்கிறார். இருவரும் அழுத்துகிறார்கள். கோமதியின் எண்ணெய்க் குப்பி காலியாகிவிட்டது. ஒருவனுக்கு எண்ணெய் தீர்ந்தால் மற்றவனின் குப்பியிலிருந்து ஊற்றிக்கொள்வான். இத்தனை வருஷத்தில் கேட்டு வாங்கியதே இல்லை. கோமதியின் கை பழக்கத்தில் நீள்கிறது. கருத்தபாண்டி தன் குப்பியை எடுத்து, சாரல் படாமல் வைக்கிறவனைப் போல, மறுபக்கம் நகர்த்தி வைக்கிறான்.