சைக்கிள் டியூப்

விமானியின் மார்பைச் சுற்றி சைக்கிள் டியூபைக் கட்டிக் காற்றடிப்பது போர்க்கப்பலின் கலாசி, கடைநிலை மாலுமி தொம்மையின் வேலை. போதும் என்று அவர் கைகாட்டியும், இன்று பம்பில் நாலு அடி கூடவே அடித்தான். முதுகுப்பக்கம் எஞ்சின் வைத்த அந்த இரட்டைச் சிறகு விமானம் கப்பலிலிருந்து ஏறத்தான் முடியும். திரும்பும்போது கடலில் இறங்கும், கப்பல் நின்று ஆளைத் தூக்கிக்கொள்ளும்.

பொழுது சாயும் நேரம் திரும்பி வந்து கடலில் இறங்கியது. விமானம் மூழ்கியது, அவர் மிதந்தார். கப்பல் நிற்கவில்லை.

தொம்மை தலைமைக் கலாசியிடம் ஓடினான். "நிறுத்தச் சொல்லுங்கண்ணே!"

"அடியில எதிரியோட நீர்மூழ்கிக் கப்பல் சுத்துதாம்டா. நின்னா மொத்தப் பேரும் காலி."

தூரத்தில் விமானி கையசைத்தார். கப்பல் வளைந்து வரும் என்று நினைத்திருப்பார். தொம்மையும் கையை உயர்த்தினான். அவன் அடித்த காற்று விடியும்வரை இறங்காது.