மாடி அறையில் கையெழுத்துப் பாடம்

செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, கொலுசு குலுங்காமல் மாடிப்படி ஏறினாள் மஞ்சுளா.

மாடியில் குடியிருக்கும் சுகப்பிரியாவிடம் மகன் பகலவனை அனுப்பியதே அவள்தான். ஒன்றாம் வகுப்பு. எழுதினால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். இப்போது மணிமணியாக எழுதுகிறான். 'ஞ' கூடக் கோட்டுக்குள் அடங்கி உட்காருகிறது.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை.

ஒரகடத்துக் கம்பெனியில் நின்றே ஷிப்ட் முடித்து, கால் வீங்கி வருகிறவள், பைசா வாங்காமல் அடுத்தவள் பிள்ளைக்கு எதற்குச் சொல்லித்தர வேண்டும்? பையன் டவுசர் பையில் தினமும் வேர்க்கடலைத் தோல். கடைசி இரண்டு விரலை மடக்கி உள்ளே கடலை வைத்துக்கொண்டால் பென்சில் ஆடாதாம், எழுதி முடித்ததும் தின்றுவிடலாமாம். அதுகூடச் சரி. கதவை ஏன் சாத்துகிறீர்கள் என்று கேட்டதும் தலை குனிந்துகொண்டான்.

"சொல்லக்கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிக்கிச்சும்மா."

அதிலிருந்து மஞ்சுளாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையை என்ன செய்கிறாளோ?

கதவில் காதை வைத்தாள்.

"அழுத்தாம எழுது தங்கம். எங்க, அம்மைக்குக் காட்டு பாப்போம்."

அம்மையா? பெற்றவள் இங்கே நிற்க, என் பிள்ளைக்கு இவள் அம்மாவா? கதவைத் தள்ளினாள்.

பகலவன் ஒரு மூலையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். சுகப்பிரியா அவனைப் பார்க்கவே இல்லை. எதிரே, தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்த செல்போன். அதில் ரெட்டைச் சடை போட்ட ஒரு குட்டிப் பாப்பா சிலேட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. அப்படியே சுகப்பிரியாவின் ஜாடை.

சுகப்பிரியா பதறிப்போய் போனைக் கவிழ்த்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள். கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டும்தான் அறை, பிள்ளைகுட்டிக்காரிகளுக்குக் கிடையாது என்று கறாராகச் சொல்லித்தான் மஞ்சுளா வாடகைக்கு விட்டிருந்தாள்.

கவிழ்ந்த போனுக்குள்ளிருந்து, எம்மா, ஒண்ணுமே தெரியலையே என்று சத்தம் வந்தது.

மஞ்சுளா தானே குனிந்து போனை எடுத்து நிமிர்த்தினாள்.

புது முகத்தைக் கண்டதும் குழந்தையின் சிரிப்பு நின்றது. சிலேட்டை இறக்கி வைத்துவிட்டு, சொல்லிக்கொடுத்ததை மறக்காமல், பவ்யமாகக் கேட்டது.

"எங்க சித்தி இருக்காங்களா?"